அவசர வேளைக்கு ஓர் அரைத்தாள்

(விழா நாளின் பிற்பகல் அமர்வில், ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலை முதல் அறவுரை கேட்டு மகிழ்ந்த செவிகளுக்கு, மாத்திரையைப் பற்றிய என் பேச்சு சற்றே சுவை குறைந்ததாகத் தோன்றலாம். பொறுத்தருள வேண்டுகிறேன்.

என் தமையனாருக்குக் காலில் இரத்தக்கட்டி ஏற்பட்டது. அதற்காக வார்ஃபரின் என்னும் மருந்தை ஆறு திங்கள் உட்கொண்டார். பின்னர் மருத்துவரே அதனை நிறுத்தினார். நிறுத்திய மூன்றாம் திங்களில், ஓரிரவு ஒன்பது மணியளவில், பேசிக்கொண்டிருக்கும்போதே அவருடைய வலக்கையும் நாவும் ஒருங்கே செயலிழந்தன. 108 ஊர்தி வந்தது. மருத்துவமனையையும் விரைவிலேயே அடைந்தார்.

மூளைக்குச் செல்லும் குருதிக்குழாயை அடைத்த கட்டியைக் கரைக்க ஊசி மருந்து உண்டு. நோய் தோன்றிய 4.5 மணி நேரத்திற்குள் அதைச் செலுத்தியாக வேண்டும். ஆனால், குருதி உறையாமைக்கு மருந்து உண்பவருக்கு அவ்வூசியே மூளையில் குருதிக்கசிவை உண்டாக்கிவிடக்கூடும். ஆதலின் மருத்துவர், "கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? இரத்தம் உறையாமலிருக்க ஏதேனும் மாத்திரை உண்கிறாரா?" என்று வினவினார். முதல் வினாவுக்கு விடை இருந்தது. இரண்டாவதற்கு, விடுமுறைக்கு வந்திருந்த மகனுக்கு விடை தெரியவில்லை. அண்ணியார் பேசும் நிலையில் இல்லை. சட்டைப்பையில் இருந்த பழைய சீட்டோ வார்ஃபரின் என்றது. அதன் மூலையில் என் தொலைபேசி எண்ணும் இருந்தது. நான் எப்போதோ கைவிட்ட எண். குருதியை வெளியே சோதனைக்கு அனுப்பி முடிவு வருவதற்குள் காலம் கடந்துவிட்டது.

மருத்துவரை நான் குறை கூறேன். அவர் கையில் இருந்த சான்று அதுதான். ஊசி போட்டிருந்தால் கை மீண்டிருக்குமா என்பதையும் எவரும் உறுதியாகச் சொல்ல இயலாது. போட்டுப் பார்க்கும் வாய்ப்பே போயிற்று. 35 ஆண்டுகள் பிறர் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுத்த நான், உடன்பிறந்தவரின் சீட்டில் ஒரு வரியை அடித்து எழுதித் தரவில்லை. இன்று அவர் இடக்கையால் உண்கிறார்.

ஆகவே, வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஓர் அரைத்தாள் போதும் என்கிறேன். உண்ணும் மருந்தின் பெயர், அளவு, வேளை ஆகியவற்றை அட்டையைப் பார்த்தே எழுதுங்கள். "சின்ன மஞ்சள் மாத்திரை" என்றால் எவருக்கும் விளங்காது. நிறுத்திய மருந்தையும் நிறுத்திய தேதியையும் எழுதுங்கள். பென்சிலின் போன்ற எந்த மருந்து ஒவ்வாது, உண்டபோது என்ன நேர்ந்தது என்பதையும், செய்த அறுவைச் சிகிச்சைகள், நெஞ்சில் பேஸ்மேக்கர் உண்டா, சிறுநீரகம் பழுதா என்பவற்றையும் குறியுங்கள். பலரும் இரத்த வகையை மட்டும் பெரிதாக எழுதிவிட்டு நிறைவடைகிறார்கள். எழுதுவதில் பிழையில்லை, ஆயினும் குருதி ஏற்றுமுன் மருத்துவமனை அதைத் தானே சோதித்தே தீரும்.

நம்மவர்க்கென்று ஒரு செய்தி உண்டு. பொழுது சாய்ந்தபின் உண்ணாமை நம் மரபு. "இரவு உணவுக்குப்பின்" என மருத்துவர் எழுதியதை மாலையிலேயே விழுங்குவோரும் உளர். சொல்லாமலே விட்டுவிடுவோரும் உளர். சீட்டில் உள்ளதையன்று, உண்மையில் உண்பதையே தாளில் எழுதுங்கள்; மருத்துவரிடமும் மறையாது கூறி வேளையை மாற்றிக் கேளுங்கள். தசலட்சண நோன்பு நாட்களில் இது இன்னும் இன்றியமையாதது. கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையை உண்டு உணவை விலக்கினால் சர்க்கரை அளவு தாழ்ந்து மயக்கம் வரும். நோன்பு தொடங்குமுன் மாத்திரைக்கு என்ன செய்வதென்று மருத்துவரைக் கேளுங்கள். அந்நாட்களில் "இன்று நோன்பு" என்ற ஒரு சொல்லையும் தாளில் சேருங்கள்.

ஹெபாரின் என்னும் உயிர்காக்கும் மருந்து பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படுகிறது. கூட்டுமாத்திரைகளின் உறைகளுட் பலவும் விலங்குகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து வரும் ஜெலட்டினால் ஆனவை. இவற்றில் தம் மனம் எதை ஏற்கும், உயிருக்கு இடர் நேர்ந்தால் என்ன செய்யலாம் என்பதை ஒவ்வொருவரும் அமைதியான வேளையில் குடும்பத்தாரோடும் மருத்துவரோடும் பேசி முடிவை எழுதி வையுங்கள். நினைவிழந்து கிடக்கும் தந்தையின் கட்டிலருகே பிள்ளைகள் வழக்காடும் நிலை வேண்டா.

சம்மேத சிகர்ஜி யாத்திரை செல்வோர் ஏறி, சுற்றி, இறங்க ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடக்கிறார்கள். ஜார்கண்டில் தமிழ் படிப்பார் அரியர். அத்தாளின் ஆங்கிலப் படி ஒன்றையும் மடியில் வையுங்கள்.

வீட்டில் அதைப் பெட்டகத்துள் பூட்டாதீர்கள். நாட்காட்டி தொங்கும் ஆணியிலேயே மாட்டுங்கள். கைப்பேசியில் பூட்டைத் திறவாமலே பிறர் காணத்தக்க அவசரத் தகவல் பக்கம் உண்டு. பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நொடியில் நிரப்பித் தருவார்கள். மருத்துவர் மருந்தை மாற்றும் அன்றே பழைய தாளைக் கிழித்துவிட வேண்டும்.

அச்சிட்ட தாள்களைக் கொண்டுவந்துள்ளேன். உணவுக்கூடத்தின் வாயிலருகே மாலை வரை அமர்ந்திருப்பேன். மாத்திரை அட்டைகளோடு வருவோர்க்கு நானே எழுதித் தருகிறேன். மூக்குக்கண்ணாடியை மறவாமல் கொண்டுவாருங்கள், எழுதியதை நீங்களே ஒருமுறை படித்துச் சரிபார்க்க வேண்டும்.