பதவியும் சட்டமும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் முன் நிகழ்த்திய பிரசங்கம்)



பொது ஸ்தாபனத்தில் ஒருவர் வகிக்கும் பதவி அதிகாரிகளின் தயவினால் நிற்பதா, சட்டத்தினால் நிற்பதா? இதற்கு விடை காண, சேலம் வக்கீல் ஸ்ரீ சி. விஜயராகவாச்சாரியாரின் சரித்திரத்தை நோக்குவோம்.

அவர் 1881-ல் வக்கீல் தொழிலை மேற்கொண்டார். சேலம் நகரசபையிலும் அங்கத்தினரானார். 1882-ல் அந்நகரில் நிகழ்ந்த கலகத்தில் சம்பந்தப்பட்டவரென்று குற்றஞ்சாட்டப்பெற்று, 10 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பெற்றார். அப்பீலில் சென்னை ஹைக்கோர்ட்டார் அவரை விடுதலை செய்தனர். ஆயினும் நகரசபைப் பதவி பறிபோயிருந்தது. அவர் இந்தியா மந்திரியையே பிரதிவாதியாக்கி வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கு 1884-ல் ஹைக்கோர்ட்டு வரை சென்றது. அவருக்குக் கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய். தொகை சிறிதே, எனினும், சர்க்கார் ஆணையும் சட்டத்திற்கு உட்பட்டதென்பதை அது யாவருக்கும் உணர்த்திற்று. பிற்காலத்தில், 1920-ல், அவர் நாகபுரிக் காங்கிரஸுக்குத் தலைமை வகித்தார்.

நம் சங்கங்களுக்கும் இதில் படிப்பினை உண்டு. ஓர் அங்கத்தினரை நீக்க நேரிடின், நிர்வாக சபையார் முதலில் உபவிதிகளைப் பார்த்தல் வேண்டும். குற்றம் இன்னதென்று எழுத்து மூலம் அறிவித்து, அவர் கூறும் சமாதானத்தைக் கேட்ட பின்பே தீர்மானம் செய்தல் வேண்டும். கைதூக்குவோர் தொகை மிகுந்திருப்பதொன்றே போதாது. இன்று பிறரை வெளியேற்றத் தவறான வழி திறப்போமாயின், நாளை நம்மையும் அவ்வழியே அனுப்புவர்.