புத்தாக்கம்: ஒரு சொல்லும் ஒரு நூற்பாவும்



‘இன்னொவேஷன்’ என்னும் சொல் இன்று கல்லூரிகளிலும் தொழிற்கூடங்களிலும் பெருமையாக ஒலிக்கின்றது. தமிழில் அதனைப் ‘புத்தாக்கம்’ என்பர். ஆயினும், அது பிறந்த மேலைநாட்டில் நெடுங்காலம் அது பழிச்சொல்லாகவே இருந்தது.

இலத்தீன் மொழியில் ‘நோவுஸ்’ என்றால் புதியது. அதன் அடியாகத் தோன்றிய வினைக்குப் புதுப்பித்தல் என்பது பொருள். இங்கிலாந்தில் 1548ஆம் ஆண்டு, ஆறாம் எட்வர்டு மன்னரின் பெயரால், சமயச் சடங்குகளில் தம் விருப்பப்படி புதுமை செய்வோரைக் கண்டித்து ஆணை பிறந்தது. 1636இல் ஹென்றி பர்ட்டன் என்னும் பாதிரியார், ஆயர்களே வழிபாட்டில் புதுமையைப் புகுத்துகின்றனர் என்று குற்றஞ்சாட்டினார். மறு ஆண்டு அவருடைய காதுகள் அறுக்கப்பட்டன. ‘புதுமை செய்பவன்’ என்பது அன்று ஒருவர்மேல் ஒருவர் எறிந்த கல்.

அக்காலத்திலும் நடுநிலை பேசியவர் பிரான்சிஸ் பேக்கன். 1625இல் வெளிவந்த தம் கட்டுரையில், காலத்தைவிடப் பெரிய புதுமையாளர் இல்லை என்றும், அது ஓசையின்றிப் படிப்படியாகவே மாற்றுகின்றது என்றும் அவர் எழுதினார்.

அவருக்கு ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்கு முன்பே, சமண முனிவராகிய பவணந்தியார் இக்கருத்தைத் தமிழுக்கு விதியாக வகுத்தார். நன்னூலின் இறுதி நூற்பா, பழஞ்சொற்கள் வழக்கிழப்பதும் புதுச்சொற்கள் வந்து சேர்வதும் குற்றமல்ல என்கின்றது. அதற்குக் காரணமாகக் காலத்தையே காட்டுகின்றது.

முனிவர் சொன்னதோடு நில்லாமல் செய்தும் காட்டினார். தொல்காப்பியத்தில் பரவலாக வழங்கும் பாடத்தின்படி, ‘ச’ என்னும் எழுத்து சொல்லின் முதலில் வாராது. நன்னூலோ பன்னிரண்டு உயிரோடும் சகரம் முதலாகும் என்றது. அவ்விதி இல்லையேல் ‘சமணர்’ என்னும் பெயருக்கே இலக்கணத்தில் இடமில்லை!

‘புத்தாக்கம்’ என்னும் சொல்லையும் நோக்குங்கள். ‘புதுமை’ என்பதில் ‘மை’ கெட்டது. தகர ஒற்று இரட்டித்துப் ‘புத்து’ ஆயிற்று. ‘ஆக்கம்’ வந்து சேர்ந்தது. ஈறு போதல், தன்னொற்று இரட்டல் என்று நன்னூல் கூறும் விதிகளே இவை. சொல் புதிது; அதனைப் பெற்றெடுத்த இலக்கணம் பழையது.

புதியதைக் கண்டு முகஞ்சுளிக்கும் மூத்தோரும், பழையது எதற்கு என்று கேட்கும் இளையோரும் ஒரே இல்லத்தில் வாழ்கின்றனர். பாட்டியின் சொல்லைப் பேரன் அறியான்; பேரனின் சொல் பாட்டிக்கு விளங்காது. இருவருக்கும் முனிவரிடம் விடை உண்டு. மூத்தோரே, காலம் கொணர்வதைக் குற்றம் என்னாதீர். இளையோரே, புதியதை ஆக்கும் விதி பழையதனுள் இருக்கின்றது. அதனைக் கல்லாமல் கைவிடாதீர்.