பாட்டியின் கதை ஏன் மாறியது?

நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்கள் சொல்வதைத் தமிழில் எடுத்துச் சொல்வது என் வேலை. இன்று என் பாட்டியிடமிருந்து தொடங்குகிறேன்.

பாட்டி சுங்கை பட்டாணி பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஜப்பான்காரன் காலத்தில் அவருக்கு ஆறு வயது இருக்கும். அவருடைய அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரியில் ஏற்றிப் போனார்கள். அவர் திரும்பவில்லை.

நான் சிறுமியாக இருந்தபோது, அன்று மழை பெய்ததாகவும் வாசலில் நின்று பார்த்ததாகவும் பாட்டி சொல்வார். இப்போது, கொளுத்தும் வெயிலில் லாரிக்குப் பின்னால் ஓடினேன் என்கிறார். "நேரத்துக்கு ஒரு கதையா?" என்று மாமா கேட்டதும் பாட்டி அழுதுவிட்டார்.

பாட்டி பொய் சொல்லவில்லை. சயாமையும் பர்மாவையும் இணைத்த அந்த 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. நம் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அங்கே மாண்டார்கள். மாறியது மழையும் வெயிலும்தான்.

நினைவு என்பது பெட்டியில் வைத்த போட்டோ அல்ல. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மூளை அதை மறுபடி கட்டுகிறது. 2000-ஆம் ஆண்டில் கரீம் நாடர், கிளென் ஷேஃப், ஜோசப் லெடூ என்ற மூவர், ஓர் ஒலியைக் கேட்டால் பயப்படும்படி எலிகளைப் பழக்கினார்கள். பிறகு அந்த ஒலியை மறுபடி கேட்கவைத்து, மூளையில் புதுப் புரதம் உருவாவதைத் தடுக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். பயம் பெரிதும் குறைந்துபோனது. ஒலியைக் கேட்காமல் மருந்து மட்டும் பெற்ற எலிகளுக்கோ பயம் அப்படியே இருந்தது. அதாவது, வெளியே எடுத்த நினைவு கொஞ்ச நேரம் இளகியிருக்கிறது. மறுபடி இறுகும்போது மாறலாம். மனிதர் மூளை இன்னும் சிக்கலானது, ஆனாலும் நமக்கும் நினைவு மாறத்தான் செய்கிறது.

ஆகவே பழைய கதையில் சில விவரங்கள் மாறினால் மட்டும் அதை நோய் என்று பயப்பட வேண்டாம். கேட்ட கேள்வியையே சற்று நேரத்தில் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய கடையிலிருந்து வீட்டுக்கு வழி தெரியாமல் நிற்பது, அடுப்பை அணைக்க அடிக்கடி மறப்பது, சாப்பிட்ட மருந்தையே மறுபடி சாப்பிடுவது: இவை வேறு. அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு வாருங்கள். கூட இருப்பவர் ஒருவரையும் அழைத்து வாருங்கள். மறந்ததை மறந்தவரே சொல்ல முடியாது அல்லவா? தைராய்டு கோளாறு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகள் ஆகியவற்றாலும் மறதி வரும். அவற்றைச் சரிசெய்ய வழி உண்டு.

பிள்ளைகளுக்கு ஒன்று. "லாரி பச்சை நிறமா?" என்று கேட்காதீர்கள். அந்தப் பச்சை நினைவில் ஒட்டிக்கொள்ளும். "அப்புறம், பாட்டி?" என்று மட்டும் கேளுங்கள். மாமா இப்போது அப்படித்தான் கேட்கிறார். நான் போனில் பதிவு செய்கிறேன், தேதியோடு.