மொழிப்பிணி தீர்த்த மருத்துவர்



மொழியைக் காப்போர் புலவர் மட்டும் அல்லர். பின்லாந்தில் அப்பணியைத் தலைமேற்கொண்டவர் ஒரு மருத்துவர். எலியாசு இலோன்ரோத்து என்பது அவர் பெயர். 1802-இல் சம்மாத்தி என்னும் சிற்றூரில் ஏழைத் தையற்றொழிலாளி ஒருவர்க்கு மகனாய்ப் பிறந்தார். அந்நாளில் அங்குக் கல்விக்கும் ஆட்சிக்கும் உரிய மொழி சுவீடியமே. மக்கள் பேசிய பின்னியமோ உழவர்மொழி எனத் தாழ்ந்து கிடந்தது.

1833-இல் கயானி வட்டார மருத்துவரான அவர், பிணியாளரைப் பேணியதோடு அமையாது, எல்லைப்புறச் சிற்றூர்தோறும் நடந்தார். மக்கள் நாவில் வாழ்ந்த பாடல்களை ஏட்டிலேற்றினார். அரிப்பா பெர்த்துனன் என்னும் முதியவர் ஒருவரே 1834-இல் 4,000 அடிகளுக்குமேற் பாடினார். இவ்வாறு திரட்டியவை 1835-இல் ‘கலேவலா’ என்னும் பாவியமாயின. 1849-இல் அது 22,795 அடிகளாய் விரிந்தது.

பாட்டோடு அவர் ஓயவில்லை. உழவர்க்கான வீட்டு மருத்துவ நூலையும் (1839) நிலைத்திணை நூலையும் (1860) பின்னியத்திலேயே எழுதினார். இலக்கணத்தைக் குறிக்கக் கடன்சொல் நாடாது, மொழி, கற்கை எனப் பொருள்படும் தாய்மொழிச் சொற்களை இணைத்துக் ‘கியெலியொப்பி’ என்றார். 1863-இல் பின்னியத்துக்கு ஆட்சியுரிமை வழங்கும் ஆணை பிறந்தது. 1884-இல் அவர் மறைந்தார், மொழி வாழ்கின்றது.

‘கலேவலா’வை 1994-இல் உதயணன் தமிழில் தந்தார். அதனைப் படிப்போர் பாட்டை மட்டும் சுவைத்தல் போதாது. நம் சிற்றூர் முதியோர் நாவிலுள்ள சொற்களையும் இன்றே ஏட்டிலேற்றுக! நாளை அந்நா இராது.