பழைய ஸ்பீக்கருக்குப் பொருத்தமான ஆம்ப்ளிஃபயர் எது?

(நம் குடியிருப்போர் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை மின்கழிவு சேகரித்தபோது மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் மூன்று ஜோடி வந்தன. ஏன் போடுகிறீர்கள் என்று கேட்டால், "அப்பா வாங்கியது சார், இப்போது சரியாகப் பாடவில்லை" என்ற பதில்தான் வந்தது. பெரும்பாலும் பழுது ஸ்பீக்கரில் இருப்பதில்லை. பொருந்தாத ஆம்ப்ளிஃபயரில் மாட்டியிருப்பார்கள். தூக்கிப் போடும் முன் மூன்று எண்களைப் பார்க்க வேண்டும்.

முதல் எண் ஓம். ஸ்பீக்கரின் பின்புறம் 4, 8, 15 என்று எழுதியிருக்கும். எண் குறையக் குறைய, ஸ்பீக்கர் ஆம்ப்ளிஃபயரிடமிருந்து அதிக மின்னோட்டத்தை இழுக்கும். 1967-இல் வந்த அமெரிக்க ஏ.ஆர்.-3ஏ ஸ்பீக்கர் 4 ஓம். 8 ஓமுக்கு மட்டுமே செய்யப்பட்ட ஆம்ப்ளிஃபயரில் இதை மாட்டிச் சத்தத்தை ஏற்றினால் ஆம்ப்ளிஃபயர் சூடேறும். பாதுகாப்புச் சுற்று இருந்தால் அணையும், இல்லாவிட்டால் டிரான்சிஸ்டர் போகும். பழைய ரிசீவர்களில் 'ஏ', 'பி' என்று இரண்டு ஜோடிக்கு இடம் இருக்கும். இரண்டிலும் 8 ஓம் ஸ்பீக்கர் மாட்டி ஒரே நேரத்தில் போட்டால், பெரும்பாலான ரிசீவர்களில் மொத்தம் 4 ஓம் ஆகிவிடும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

எழுத்து அழிந்திருந்தால் ஒயரைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 காட்டும், 4 ஓம் சுமார் 3 காட்டும். மீட்டர் அசையவே இல்லை என்றால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது.

இரண்டாவது எண் சென்சிடிவிட்டி. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் வரும் என்ற கணக்கு இது. 3 டெசிபல் கூட்ட வேண்டுமானால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். 10 டெசிபல் கூட்டப் பத்து மடங்கு. பி.பி.சி. தன் ஒலிபரப்பு வண்டிகளுக்காக வடிவமைத்த எல்.எஸ்.3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கர் சுமார் 83 டெசிபல்தான் தரும். அறை மூலையில் நிற்கும் கிளிப்ஷ்ஹார்ன் 100 டெசிபலைத் தாண்டும். ஒரே அளவு சத்தத்துக்கு முதலாவது, இரண்டாவதைவிட 50 மடங்கு வாட் கேட்கும். எல்.எஸ்.3/5ஏ-இன் பழைய வகை 15 ஓம் வேறு. 8 ஓமில் 50 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதில் ஏறக்குறைய பாதிதான் தரும்.

மூன்றாவது எண் வாட். அதிகம் ஏமாற்றும் எண் இதுதான். 'பி.எம்.பி.ஓ. 2000 வாட்' என்று பெட்டியில் போட்டு விற்றதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அமெரிக்காவிலும் இந்தக் கூத்து நடந்தது. அதனால்தான் 1974-இல் அங்கே, தொடர்ச்சியாகத் தரக்கூடிய வாட்டைத்தான் விளம்பரத்தில் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. ஆகவே 1970-களின் பிற்பகுதி ரிசீவரில் 40 வாட் என்றால் அதை நம்பலாம். இன்று ஆன்லைனில் வரும் கையடக்க ஆம்ப்ளிஃபயரில் 'இரண்டு பக்கமும் 100 வாட்' என்று இருந்தால் அடாப்டரைப் பாருங்கள். 19 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 57 வாட். 57 உள்ளே போய் 200 வெளியே தொடர்ந்து வர வழியே இல்லை.

"குறைந்த வாட் போட்டால் ஸ்பீக்கருக்குப் பாதுகாப்புதானே?" என்று கேட்பீர்கள். சத்தத்தைக் குறைவாக வைக்கும்வரை சரி. தன் எல்லைக்கு மேல் முறுக்கினால் ஆம்ப்ளிஃபயர் ஒலி அலையின் தலையை வெட்டிவிடும். அதனால் உயர்சுரங்களின் பக்கம் சக்தி கூடி, மெல்லிய கம்பிச்சுருள் உள்ள ட்வீட்டர் கருகும். சத்தம் கரகரத்தால் உடனே குறையுங்கள்.

வாங்குவதற்கு முன் இன்னும் இரண்டு சோதனை. ஸ்பீக்கர் கூம்பைச் சுற்றி ஃபோம் வளையம் இருந்தால் 15, 20 ஆண்டில் அது பொடியாகும். வளையத்தை மட்டும் மாற்றிக்கொள்ளலாம், ஸ்பீக்கரை எறிய வேண்டாம். அடுத்தது உயிர் சம்பந்தப்பட்டது. ஜப்பானில் 100 வோல்ட், அமெரிக்காவில் 120, நமக்கு 230. உறவினர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த ரிசீவரின் பின்புறம் வோல்டேஜ் என்ன என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். வேண்டியிருந்தால் ரிசீவர் இழுக்கும் வாட்டைவிடக் கூடுதல் திறனுள்ள ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வையுங்கள்.

கடைசியாக, நாம் அடுக்ககத்தில் இருக்கிறோம். நம் ஹாலில் சாதாரணமாகப் பாட்டுக் கேட்க ஓரிரு வாட் போதும். மீதியெல்லாம் மிருதங்கம் ஓங்கி ஒலிக்கும் நொடிகளுக்கான இருப்பு. சத்தம் குறைந்தால் தாழ்சுரம் நம் காதுக்குக் கேட்காமல் போகும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இருவர் 1933-லேயே இதை அளந்து காட்டினார்கள். அதற்குத்தான் பழைய ரிசீவர்களில் 'லவுட்னஸ்' பொத்தான் இருக்கிறது. இரவில் அதை அழுத்திக்கொண்டு சத்தத்தைக் குறைத்து வையுங்கள். ஸ்பீக்கரைப் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் ஒட்டி வைக்காதீர்கள். தாழ்சுரம் சுவரைத் தாண்டும். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் இரவு 10 முதல் காலை 6 வரை வரம்பு 45 டெசிபல்.

சங்க அலுவலகத்தில் மல்டிமீட்டர் இருக்கிறது. ஞாயிறு காலை ஸ்பீக்கரைக் கொண்டுவாருங்கள், சேர்ந்தே பார்ப்போம்.