மலையகத் தமிழர்: ஒரு சமுதாயத்தின் இருநூறு ஆண்டுகள்

ஒரு சமுதாயத்தின் வரலாற்றை ஆராய்வோர் முதலில் அதன் மன்னர்களையும் போர்களையும் தேடுவது வழக்கம். இலங்கை மலையகத் தமிழரின் வரலாற்றில் முடி சூடிய மன்னர் எவருமிலர். காட்டைத் தோட்டமாக்கிய உழைப்பும், அத்தோட்டத்தில் குடியுரிமையோடு வாழ நடத்திய போராட்டமுமே அவர்தம் வரலாறு.

மத்திய மலைநாடு நெடுங்காலம் கண்டி இராச்சியத்தின் இயற்கை அரணாக விளங்கியது. 1815 ஆம் ஆண்டில் அவ்விராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அடுத்த பத்தாண்டுக்குள் கம்பளைக்கு அருகே சிங்கபிட்டியில் ஜார்ஜ் பேர்ட் என்பவர் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1840 ஆம் ஆண்டின் சட்டம், உரிமை நிரூபிக்கப்படாத காட்டு நிலங்களை முடிக்குரியன ஆக்கியது. அந்நிலங்கள் தோட்டத் துரைமாருக்கு மலிவாக விற்கப்பட்டன. சிங்களக் கிராமத்தவர் தம் சேனை நிலங்களை இழந்தனர். அந்நிலங்களில் உழைக்கத் தமிழகத்தின் ஏழை மக்கள் அழைத்து வரப்பட்டனர். இரு சாராரின் துயருக்கும் மூலம் ஒன்றே.

பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும் துரத்த, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, சேலம் முதலிய மாவட்டங்களிலிருந்து மக்கள் ‘கண்டிச் சீமை’க்குப் புறப்பட்டனர். மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் வழியிலேயே பலியானோர் பலர்.

கோப்பி பருவத் தொழில். பழம் பறித்து முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலைச் செடியோ ஆண்டு முழுவதும் கொழுந்து தருவது. ஆகவே, தொழிலாளர் குடும்பத்தோடு தங்கலாயினர். புகைவண்டிப் பாதை 1884 இல் அட்டனையும், 1885 இல் நானுஓயாவையும் எட்டியது. வந்துபோனவர்கள் இங்ஙனம் மலையின் குடிகளாயினர். லயத்து இருட்டறையும் கங்காணியின் கடனும் அவர்களை நெருக்கிய போதிலும், தோட்டந்தோறும் மாரியம்மனுக்குக் கோயில் எழுப்பினர். மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடினர்.

1931 இல் வயது வந்தோர்க்கெல்லாம் வாக்குரிமை அளிக்கும் அரசியல் திட்டம் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே கோ. நடேசய்யர் அட்டனில் தொழிலாளர் சங்கத்தை நிறுவினார். அவர் துணைவியார் மீனாட்சியம்மாள் பாட்டுப் பாடித் தொழிலாளரைத் தட்டி எழுப்பினார். 1940 இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது.

நாடு சுதந்திரம் பெற்ற 1948 ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. தந்தையோ, பாட்டனாரும் முப்பாட்டனாருமோ இத்தீவில் பிறந்தமைக்குச் சான்று கேட்டால், லயத்தில் பிறந்தவர் எந்தப் பத்திரத்தைக் காட்டுவர்? மறு ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. 1964 இல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 ஆம் ஆண்டின் உடன்பாடு சரிபாதியாகப் பிரித்தது. அவர்தம் விருப்பத்தை எவரும் கேட்டாரல்லர். ஒரே குடும்பத்தில் மகன் ஒரு நாட்டுக்கும் தாய் மற்றொரு நாட்டுக்குமாகப் பிரிந்தனர். நாடற்றோரின் எஞ்சிய பிரச்சினைக்கு 2003 ஆம் ஆண்டின் சட்டமே முடிவு கண்டது.

2023 இல், மலையகத் தமிழர் வந்த இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நிகழ்ந்தது. முன்னோர் அடிமைபோல் நடந்த பாதையில் வழித்தோன்றல்கள் குடிமக்களாய் நடந்தனர். ஆயினும், தோட்டங்களில் வாழ்வோருள் பெரும்பாலோர்க்கு வீடிருக்கும் நிலத்துக்கு இன்னும் உறுதி இல்லை. வாக்குச்சீட்டு கிடைத்துவிட்டது, காணிச்சீட்டு கிடைக்கவேண்டும். மலையைப் பொன் விளையும் பூமியாக்கியவர்களுக்கு அம்மலையில் ஒரு சிறு துண்டு நிலமேனும் சொந்தமாகும் நாளிலேதான் இந்த நெடும்பயணம் முடிவுறும்.