குழந்தைகளின் ஸ்தூல சரீரம்
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்திற் செய்த உபந்நியாசம்)

 

கொழுகொழுவென்ற குழந்தையைக் கண்டால் நம்மவர் திருஷ்டி கழிப்பரேயன்றி, அதனைப் பிணியென்று எண்ணுவாரில்லை. அடியேனும் அங்ஙனமே இருந்தவன். என் பேரனுக்குப் பத்தாம் வயதிற் பிடரி கறுத்தது. அழுக்கென்று கருதி அவன் பாட்டி பயற்றமாவிட்டு நாடோறும் தேய்த்தாள், பிள்ளை அழுதான், கறுப்பு மட்டும் போகவில்லை. வைத்தியரோ, "இஃது அழுக்கன்று, உடலில் இன்சுலின் சரிவர வேலை செய்யாமையின் அடையாளம்" என்றார். இந்நிலை நீடிப்பின் நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், ஈரலிற் கொழுப்பும் இளமையிலேயே வந்தடையக்கூடும். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுதலும் உண்டு.

காரணம் யாது? பரம்பரை ஒருபுறமிருக்க, மாலைதோறும் அவன் பருகிய புட்டிப் பானத்தை வாங்கிக் கொடுத்தவன் யானே. 300 மில்லி கொண்ட கோலா பானம் பலவற்றில் ஏறக்குறைய 30 கிராம் சர்க்கரை உளது. உலக சுகாதார ஸ்தாபனமோ 2015-இல், சேர்க்கும் சர்க்கரை அன்றாட உணவுச் சக்தியிற் பத்திலொரு பங்குக்குக் குறையவேண்டும் என்றும், இருபதிலொரு பங்குக்குக் குறையின் இன்னும் நலமென்றும் கூறிற்று. பிள்ளைகள் தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பதும் அதன் கொள்கை. நம் வீடுகளில் அந்த ஒரு மணியைத் தனிப்பாடம் கவர்ந்துகொண்டது.

பிள்ளையைப் பட்டினி போடுதல் தகாது. "குண்டன்" என்றழைத்தல் அதனினும் தகாது. எங்கள் இல்லத்தில் அனைவரும் உணவை மாற்றினோம். காப்பியிற் சர்க்கரையை விட அடியேன் பட்ட பாடு பெரிது!

நம் மாணவர் விடுதியிற் புட்டிப் பானத்தை நிறுத்தவேண்டுமென்று ஒரு தீர்மானம் கொணர்ந்துள்ளேன். கனவான்களும் தாய்மார்களும் அதனை ஆதரிக்கக் கோருகின்றேன்.